கரண்ட் வந்த பிறகுதான் ஆபத்து!

மின்தடைக்குப் பின் அணைந்து அணைந்து எரியும் கம்ப்யூட்டர்... 'போர்டு போச்சு' என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

தாலுகா அலுவலகங்களுக்கு எதிரே இருக்கும் டி.டி.பி. கடைகளில் மழைக்காலம் வந்துவிட்டால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கரண்ட் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். பட்டா மனு, வாரிசுச் சான்று, ஆதார் திருத்தம் என்று கையில் காகிதங்களோடு நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஃபேன் மெல்லச் சுழல ஆரம்பித்ததும் "அப்பாடா, வந்துடுச்சு" என்று எழுந்து நிற்பார்கள். கடைக்காரர் சிபியு-வின் பட்டனைத் தட்டுவார். உள்ளே விசிறி உறுமும். திரையில் கம்பெனி பெயர் வரும். கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். பட்டென்று இருட்டு. ஓரிரு விநாடியில் தானாகவே மறுபடி உயிர் வரும். மறுபடி பெயர், மறுபடி வட்டம், மறுபடி இருட்டு.

"என்ன தம்பி, இன்னிக்கு ஆகுமா, ஆகாதா?" என்று கேட்கும் பெரியவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். கடைக்காரருக்கோ அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் கடையே.

அடுத்து நடப்பதுதான் வருத்தம் தருகிறது. சிபியு-வைத் தூக்கி பைக்கில் வைத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "போர்டு போச்சு சார்." பழைய மாடலுக்குப் புது போர்டு கிடைக்காது, போர்டை மாற்றினால் பிராசஸரை மாற்ற வேண்டும், ரேமை மாற்ற வேண்டும். மொத்தத்தில் புதுக் கம்ப்யூட்டர். போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மின்தடைக்குப் பின் இப்படித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை வேறு: போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். டப்பா, ஒரு சின்ன பட்டன் பேட்டரி, இடம் தளர்ந்த ரேம், பாதியில் எழுதப்பட்ட விண்டோஸ் கோப்பு. இவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே போர்டின் மீது பழி போட வேண்டும். வரிசை தெரியாததால் நம் ஊரில் எத்தனையோ நல்ல போர்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

கரண்ட் போனதால்தான் கெட்டது என்றே எல்லோரும் சொல்கிறோம். போகும்போது நடப்பது பெரும்பாலும் டேட்டா சேதம். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றுவிடும். சர்க்யூட்டுக்கு அடி விழுவது பெரும்பாலும் கரண்ட் திரும்ப வரும் அந்த அரை நிமிடத்தில்.

ஒரு தெருவுக்கு மின்சாரம் திரும்பும்போது அத்தனை வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. வோல்டேஜ் தடாலென்று கீழே போய், பிறகு மேலே ஏறுகிறது. லைனில் எங்காவது மரக்கிளை உரசிக்கொண்டிருந்தால் துணைமின் நிலையத்தில் போட்டதும் டிரிப் ஆகும், மறுபடி போடுவார்கள், மறுபடி டிரிப் ஆகும். 'வந்துச்சு, போச்சு, வந்துச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான். பல கம்ப்யூட்டர்களில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயோஸில், அதாவது போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், அமைத்திருப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பாதி வழி வரை பூட் ஆகி வெட்டுப்படுகிறது. ஒரு மின்தடையை நாலு மின்தடையாக அனுபவிக்கிறது.

இதைவிடக் கொடியது நியூட்ரல் கோளாறு. தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக ஓடும் நியூட்ரல் கம்பி காற்றில் அறுந்தாலோ, இணைப்பு தளர்ந்தாலோ, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறிவிடும். பல்புகள் கண் கூசும்படி எரிவதும், பக்கத்து வீட்டில் மங்கலாக எரிவதும் இதன் அடையாளம். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை ஆராயக் கூடாது; மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 94987 94987 என்ற மின்னகம் எண் 2021-லிருந்து 24 மணி நேரமும் இருக்கிறது.

2012-ஐ நம் மாவட்டக் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. 2016 டிசம்பரில் சென்னையை வர்தா புயல் புரட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டில் இருந்த கிராமங்கள் உண்டு. இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு நீண்ட மின்தடையைவிட கண் சிமிட்டும் நேரத்து மின்தடைதான் பொல்லாதது. அது இன்னும் ஒழியவில்லை.

காரணம் எஸ்.எம்.பி.எஸ். வேலை செய்யும் விதம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி, அதிலிருந்து 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துப் போர்டுக்குக் கொடுக்கிறது. கரண்ட் நின்றால் அந்தக் கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பது முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லிவிநாடிதான் தாங்கும். நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்றே 20 மில்லிவிநாடி. ட்யூப் லைட் லேசாகத் துடித்ததை நாம் கவனிக்கக்கூட மாட்டோம். அதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்கு இன்னொன்றும் அனுப்புகிறது. 'வோல்டேஜ் சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்' என்ற சிக்னல்; பவர் குட் என்று பெயர். இது நின்றால் போர்டு அந்தக் கணமே எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். எஸ்.எம்.பி.எஸ். பலவீனமானால் இந்தச் சிக்னல் வந்து வந்து போகும். அணைந்து அணைந்து எரிவதன் ரகசியம் பல நேரங்களில் இதுதான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

சர்வீஸ் கடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் சொல்வது உண்மை. நேற்று வரை ஓடியதும் நிஜம், பல மாதமாகவே உள்ளே கெட்டிருந்ததும் நிஜம். மின்தடை அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. இப்படி இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து போகிறது. சூடாக இருக்கும்வரை எப்படியோ ஓட்டிவிடும். மின்தடையில் முழுதாக ஆறிப் போனால் மறுபடி கிளம்பத் தேவைப்படும் பாய்ச்சலைக் கொடுக்க முடியாது. அணைக்காமல் ஓட்டினால் ஓடும் பழைய வண்டி, ஒருமுறை நிறுத்தினால் கிளம்ப மறுப்பதைப் போலத்தான். நாலைந்து முறை ரீஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் சூடேறியதும் ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும் கம்ப்யூட்டர்கள் இந்த ரகம். 'சரியாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது, எஸ்.எம்.பி.எஸ். விடைபெறப் போகிறது என்று பொருள்.

இரண்டாவது, போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. சி.ஆர்.2032 என்று மேலே எழுதியிருக்கும்; 3 வோல்ட். சிபியு அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பட்டன் பேட்டரி செத்தே போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. சில மணி நேரம் கரண்ட் முழுதாகப் போனால்தான் பயோஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறக்கும். தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அதோடு, ஹார்டு டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பும் கம்பெனி கொடுத்த நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் ஒரு முறையில் நிறுவப்பட்டிருக்க, போர்டு வேறு முறையில் டிஸ்க்கைக் காட்டினால், வட்டம் சுற்றும்போதே நீலத்திரை ஒரு கணம் மின்னி ரீஸ்டார்ட் ஆகும். இது எத்தனை முறை போட்டாலும் தீராது. டிஸ்க்கோ போர்டோ விண்டோஸோ எதுவும் கெடவில்லை. புது பேட்டரி போட்டு, பயோஸில் சாட்டா மோடைப் பழைய நிலைக்கு மாற்றி, தேதியைத் திருத்தினால் முடிந்தது. தேதியை விட்டுவிட்டால் வேறு தொல்லை: அரசுத் தளங்கள், வங்கித் தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கும், டிஜிட்டல் கையெழுத்து ஏறாது.

சில பத்து ரூபாய் பேட்டரி. இதற்காக விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, பத்து வருடக் கோப்புகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வேலை: கையை எடுங்கள்

ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை 'இந்த முறை வந்துடும்' என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் டிஸ்க்கில் ஏதோ எழுதப்படுகிறது, பாதியில் நிற்கிறது. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, சிபியு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியும். ஐந்து நிமிடம் விட்டு, யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவில் இல்லாமல் நல்ல சுவர் பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள். வேறு பவர் கார்டு இருந்தால் அதையும் மாற்றுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ்ஸும், உள்ளே தகடு தளர்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கெட்ட போர்டைப் போலவே நடிக்கும். கம்ப்யூட்டர் இத்தோடு சரியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். திரையில் 'அப்டேட் நடக்கிறது' அல்லது 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று சதவீதம் ஓடினால் அணைக்காதீர்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போயிருந்தால் விண்டோஸ் அதைச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். பொறுமை போதும்.

எந்த நொடியில் அணைகிறது?

நல்ல மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கைகட்டி நின்று பார்ப்பார். கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் அணைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

விசிறி லேசாகத் துள்ளி ஒரே விநாடியில் நின்றால், எஸ்.எம்.பி.எஸ். எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது, அல்லது எஸ்.எம்.பி.எஸ்ஸே கெட்டிருக்கிறது. சுமார் நாலு விநாடி ஓடி அணைந்தால் முன்பக்க பட்டனைப் பாருங்கள். பட்டனை நாலு விநாடி அழுத்தினால் அணைவது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் உள்ள ஏற்பாடு. மழைக்கால ஈரத்திலும் தூசியிலும் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால், அது அழுத்தப்பட்டுக்கொண்டே இருப்பதாகப் போர்டு நினைக்கும். பதற்றத்தில் நாமே நாலு முறை ஓங்கி அழுத்தி மாட்டவைத்திருப்போம். ரீசெட் பட்டன் மாட்டிக்கொண்டாலும் கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பாது. போர்டில் அந்தச் சின்ன வயர்களைக் கழற்றிவிட்டு, பவர் என்று குறித்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கம்ப்யூட்டர் ஓடும். குற்றவாளி கேபினட் பட்டன் என்று தெரிந்துவிடும்.

கம்பெனி பெயர் வந்து, விண்டோஸ் வட்டம் சுற்றும்போது அணைந்தால் டிஸ்க், விண்டோஸ் கோப்பு, ரேம் பக்கம் போக வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே போய், பத்து நிமிடம் கழித்தோ பெரிய வேலை கொடுக்கும்போதோ அணைந்தால் சூடு, அல்லது சுமை தாங்காத எஸ்.எம்.பி.எஸ். பிராசஸர் விசிறியில் தூசி மெத்தை போல அடைத்திருக்கும். அடியில் பூசிய பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. செலவே இல்லாதது. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போங்கள். ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயும் அணைந்தால் கோளாறு மின்சாரத்தில், சூட்டில், அல்லது ஹார்டுவேரில். அணையாமல் நின்றால் பெரும்பாலும் டிஸ்க்கிலோ விண்டோஸிலோதான் சிக்கல். 'போர்டு போச்சு' என்ற தீர்ப்பை அந்த அரை மணி நேரம் கேள்வி கேட்கும். அங்கே இருக்கும்போதே பிராசஸர் வெப்பத்தையும் 12 வோல்ட் அளவையும் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ட் என்றால் 4.75-லிருந்து 5.25 வரை. பயோஸ் காட்டும் எண் தோராயமானது என்பதால், சந்தேகம் என்றால் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

கேபினட்டைத் திறந்தால்

பிளக்கை உருவிய பிறகே திறக்க வேண்டும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் நிற்கும். உயிருக்கு ஆபத்து.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்ணும் மூக்கும் வேலை செய்யட்டும். தீய்ந்த வாடை வருகிறதா? போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா? 2000-களில் உலகம் முழுவதும் தரமற்ற கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் ஏறி, கூட்டம் கூட்டமாக உப்பிச் செத்தன. இன்றைய நல்ல போர்டுகளில் திண்மக் கெப்பாசிட்டர்கள் வருவதால் அது குறைந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் பத்துப் பன்னிரண்டு வருடப் போர்டுகள் இன்னும் உழைக்கின்றன. உப்பிய கெப்பாசிட்டரை மாற்றி சால்டர் வைத்துத் தரும் கைகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமில்லை, எல்லா மாவட்டத் தலைநகரிலும் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போங்கள்.

பிறகு ரேம். கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு, 'டக்' என்று இரு பக்கமும் பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் இந்தப் பற்களில் படலமாகப் படிவதால் ரீஸ்டார்ட் சகஜம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு, டி.வி.டி., பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போர்டு, பிராசஸர், ஒரு ரேம், விசிறி மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான் ஆள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்க பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் குண்டூசியால் இணைத்து 'ஓடுது, நல்லாருக்கு' என்று சொல்வது பல கடைகளில் வழக்கம். இது போதாது என்பது என் உறுதியான கருத்து. சுமையே இல்லாமல் விசிறி சுற்றுவது எதையும் நிரூபிக்காது; போர்டும் டிஸ்க்கும் இழுக்கும்போது வோல்டேஜ் நிற்கிறதா என்பதே கேள்வி. வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. சர்வீஸ் கடையில் அது கட்டாயம் இருக்கும். மாட்டிப் பார்க்காமல் போர்டைக் குறை சொன்னால், 'ஒருமுறை மாட்டிக் காட்டுங்க அண்ணே' என்று கேளுங்கள். புதிது வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய வாட் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி, டப்பா காற்றாய் இருந்தால் வேண்டாம். உள்ளே பாதுகாப்புப் பாகங்கள் இல்லாமல் எடை குறைந்திருக்கும்.

டேட்டா முதலில், ரிப்பேர் பிறகு

ஹார்டுவேர் சரி, விண்டோஸ்தான் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. இங்கேதான் அவசரம் பெரிய நஷ்டத்தைக் கொடுக்கிறது. 'ஃபார்மட் பண்ணிடலாமா?' என்ற கேள்விக்கு உடனே தலையாட்டாதீர்கள். கல்யாண ஆல்பத்தின் மூலப் படங்கள், டேலி கணக்கு, வாடிக்கையாளர் கோப்புகள், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. லினக்ஸ் பென் டிரைவ் மூலம் கம்ப்யூட்டரைத் திறந்தோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ முதலில் நகல் எடுக்க வேண்டும். டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டுவதுகூட அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில் செக்டிஸ்க் ஓட்டினால் அதுவே கடைசி அடியாகிவிடும். டிஸ்க்கில் 'கிளிக், கிளிக்' என்று சத்தம் கேட்டால் எதுவும் ஓட்டாமல் அணைத்துவிடுங்கள். அது டேட்டா மீட்பு நிபுணரின் வேலை.

எஸ்.எஸ்.டி. போட்டால் இந்தக் கவலை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். சுழலும் தட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த டேட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை அது தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் மின்சாரம் அறுந்தால் அட்டவணையே குழம்பலாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் எச்.பி. ஆய்வகத்தாரும் சேர்ந்து 15 எஸ்.எஸ்.டி.களில் வேண்டுமென்றே கரண்ட்டை வெட்டி வெட்டிச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 13-ல் ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. சர்வர்களுக்கான விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.களில் இதற்கென்றே கெப்பாசிட்டர்கள் வைக்கிறார்கள். நாம் வாங்கும் சாதாரண ரகத்தில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை.

நகல் எடுத்தாயிற்று என்றால் விண்டோஸைச் சரிசெய்யலாம். தொடர்ந்து சில முறை பூட் ஆகத் தவறினால் விண்டோஸ் 10, 11 தாமாகவே பழுது பார்க்கும் திரைக்கு வரும். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போனால் ஒரு பட்டியல் தெரியும். 9-ஐ அழுத்தினால் தானாக ரீஸ்டார்ட் ஆவது நின்று, நீலத்திரை அப்படியே நிற்கும். அதில் இருக்கும் பிழைப் பெயரை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துப்பு அதுதான். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்தான் சிக்கல். இல்லையென்றால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் செக்டிஸ்க், அதன் பின் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி. கவனம்: அந்தத் திரையில் உங்கள் சி டிரைவ், டி என்று பெயர் மாறித் தெரியலாம். எது விண்டோஸ் இருக்கும் டிரைவ் என்று பார்த்த பிறகே கட்டளை கொடுங்கள். புது லேப்டாப்களில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

விண்டோஸ் ஏறிவிட்டால் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணைத் தேடிப் பார்த்து, 'பவர் சப்ளை கெட்டுப்போச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது' என்பார்கள் சிலர். அந்த எண் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

யுபிஎஸ் இருந்தும் ஏன்?

கடைகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. புதிதாக இருக்கும்போது ஒரு கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் போலக் காப்பாற்றும். கோப்பை சேவ் செய்து முறையாக அணைக்க அது போதும். வேலையைத் தொடர்வதற்கு அல்ல. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி முடிந்துவிடும். முடிந்தது தெரியாமல் யுபிஎஸ் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். மாதம் ஒருமுறை வேலை இல்லாத நேரத்தில் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

டி.டி.பி. கடைகளில் இன்னொரு தவறு பரவலாக இருக்கிறது. லேசர் பிரிண்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுகிறார்கள். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். யுபிஎஸ் மூர்ச்சையாகும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பிரிண்ட் கொடுத்தால் மட்டும் அணைகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் குறையும். போடாவிட்டால் அந்த மாற்றத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி, நவீன எஸ்.எம்.பி.எஸ்.களில் சில அதோடு ஒத்துப்போவதில்லை. கம்ப்யூட்டருக்கு சைன் வேவ் இன்வெர்ட்டரே வேண்டும்.

எர்த்திங் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாடகைக் கடைகளில் மூன்று ஓட்டை பாயின்ட் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சிபியு தகட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதை 'எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்' என்று பழகிக்கொள்கிறார்கள். அது ரீஸ்டார்ட் பிரச்சினையைவிடப் பெரிது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் நிற்பவரின் உயிர்ப் பிரச்சினை. ஸ்பைக் பஸ்டரும் எர்த் இல்லாத பாயின்ட்டில் பாதி வேலைகூடச் செய்யாது. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கட்டட உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் இடங்களை நாளிதழ்களில் முன்கூட்டியே போடுகிறார்கள். அன்று காலையில் கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். சொல்லாமல் கரண்ட் போனாலும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள். பயோஸில் 'கரண்ட் வந்ததும் தானாக ஆன்' என்ற அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, கடைக் கோப்புகள் அனைத்தையும் நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் அடுத்த மின்வெட்டில் அதுவும் சேர்ந்து அடிபடும். சர்வீஸுக்குக் கொடுத்தால் என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில்லைக் கேளுங்கள். போர்டையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ மாற்றியதாகச் சொன்னால், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். அது உங்கள் பொருள்.